பின்சீட்டை மடக்கிய மூன்று மாதம்

ஒரு பொருளைச் செய்து முடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் சரக்கு அனுப்புகிற டிஸ்பாட்ச்சில் ஒரு நாள்கூட நின்றதில்லை என்று அர்த்தம். செய்வது பாதி வேலை. அதை வண்டியில் ஏற்றி, வாங்குகிறவர் வாசலில் இறக்கி, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவது மீதிப் பாதி. அதிலும் லாரியில் போகவேண்டியதைக் காரில் கொண்டுபோகிற கூட்டம் ஒன்று இருக்கிறது. தங்கச்சி வீட்டுக்கு வாஷிங் மெஷின், பெண் ஹாஸ்டலுக்கு மெத்தை, கிரகப்பிரவேசத்துக்கு அண்டா என்று எதையாவது திணித்து, டிக்கிக் கதவை மூன்று தடவை அடித்துச் சாத்தியவர்கள் எல்லாரும் அந்தக் கூட்டம்தான். நீங்களும் அதில் ஒருவர் என்றால் வாருங்கள், உட்காருங்கள். உட்கார சீட் இல்லை, அது வேறு விஷயம்.

மேஜையிலிருந்து ஸ்டீயரிங்குக்கு

காக்களூர் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி சின்னது. கார் கதவைச் சுற்றி, மழைத்தண்ணீர் உள்ளே வராமல் ஒரு ரப்பர் பட்டை ஓடுமே, பீடிங் என்பார்கள், அதைச் செய்கிறோம். ஆறு வருஷமாக எனக்குப் பிசிறு வெட்டும் மேஜை. அச்சிலிருந்து வரும் ரப்பரின் ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறைக் கத்தரியால் வெட்டவேண்டும். காலையில் குனிந்தால் மாலையில்தான் கழுத்து நிமிரும். இதற்கு நடுவே, வீட்டுக்காரரைத் தவிர யாருக்கும் சொல்லாமல், திருவள்ளூரில் டிரைவிங் ஸ்கூல் போய் லைசென்ஸ் வாங்கி வைத்திருந்தேன். அத்தை மகனின் டாக்ஸியை ஞாயிற்றுக்கிழமைகளில் கெஞ்சி வாங்கி ஓட்டுவேன். மற்ற நாட்களில் லைசென்ஸை பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். போட்டோ நன்றாக விழுந்திருந்தது.

வைகாசியில் கம்பெனி வேன் நடுரோட்டில் படுத்துவிட்டது. அதை ஓட்டினவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். கும்மிடிப்பூண்டியில் கார் கதவு செய்கிற ஒரு பெரிய கம்பெனிக்கு நாங்கள் தினமும் பீடிங் அனுப்பியாக வேண்டும். அனுப்பாவிட்டால் அங்கே கதவுகள் வரிசையாகத் தயாராகிற லைன் நிற்கும், லைன் நின்றால் எங்கள் ஆர்டர் போகும். முதலாளி தணிகாசலம் சார் தலையில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அவருக்குப் பக்கத்திலேயே அவர் வீட்டுக் கார் நின்றது. பொங்கலுக்கு வாங்கிய, பின்பக்கக் கதவு மேலே தூக்கித் திறக்கிற சின்னக் கார். நான் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய், "சார், பின்சீட்ட மடக்கினா லோடு ஏறும் சார். நான் ஓட்டறேன்" என்றேன். அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். தொழிற்பேட்டைக்குள் இரண்டு சுற்று ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இறங்கும்போது சொன்னார்:

"ஆடி முடியிற வரைக்கும் பாக்கறேன் எஸ்தரு. ஒரே ஒரு லோடு ஏறாம நின்னுதுன்னாலும் குட்டி யானை ஒண்ணு வாங்கி டிரைவர போட்டுடுவேன், நீ கத்தரிய எடுத்துக்கினு மேஜைக்குப் போயிடணும்."

சீட்டோடு சண்டை

குட்டி யானை என்றால் தும்பிக்கை இல்லாதது, ரோட்டில் ஓடுகிற சின்ன சரக்கு வண்டி. அது வந்தால் என் கார் போச்சு. இந்தப் பயத்தோடு பின்கதவைத் திறந்து சீட்டை மடக்கப் போனேன். மடங்கவில்லை. விளம்பரத்தில் எல்லாம் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒற்றை விரலால் தட்டுவாள், சீட் படுத்துக்கொள்ளும். நான் இரண்டு கையாலும் இழுத்தேன், முழங்காலால் அமுக்கினேன், கடைசியில் சீட்டின் தோளில் இருந்த ஒரு பொத்தானைத் தற்செயலாகத் தொட, அது பொத்தென்று விழுந்து என் சுண்டுவிரலைக் கடித்தது. விழுந்தும் பாதியில் நின்றது. தலைசாய்க்கிற திண்டைக் கழற்றவில்லையாம், அது முன்சீட்டில் போய் இடித்துக்கொண்டிருந்தது. கழற்றினேன். முன்சீட்டை முன்னால் தள்ளினேன். பெல்ட்டை ஓரத்தில் ஒதுக்கினேன். எல்லாம் முடிந்து பார்த்தால், டிக்கித் தரைக்கும் சீட் முதுகுக்கும் நடுவே ஒரு படி. பீடிங் அடுக்கிய பிளாஸ்டிக் பெட்டி, கிரேட் என்போம், அதை வைத்தால் ஆடும். கழிவு ரப்பர் ஷீட்டை மடித்து அந்தப் பள்ளத்தில் வைத்துச் சமமாக்கினேன்.

இருபது நிமிஷம் ஆனது. கம்பெனி மொத்தமும் டீ கிளாஸோடு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. நீலக் கிரேட் பதினாலு ஏறியது. பதினாலாவது உட்கார்ந்ததும் நான் துள்ளிக் குதித்தேன், வெட்கமே இல்லாமல். மோல்டிங் மெஷின் ஓட்டுகிற முனுசாமி அண்ணன் டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்:

"இன்னா எஸ்தரு, சீட்ட மடக்க சொன்னா குஸ்தி போட்டுக்கினு கீற? பாவம், அது இன்னா பண்ணிச்சி உன்ன!"

வெளியே வரும் சீட்

கும்மிடிப்பூண்டி கம்பெனிக்கு இரண்டு கேட். ஆட்களுக்கு ஒன்று, சரக்குக்கு ஒன்று. கார் ஆயிற்றே என்று ஆட்கள் கேட்டில் போய் நின்றேன். கண்ணாடி வழியாகக் கிரேட்டைப் பார்த்துவிட்டு, "இது சரக்கு, அந்த கேட்டு" என்றார்கள். சுற்றிக்கொண்டு அங்கே போனால், "இது காரு, இந்த கேட்டு" என்று திருப்பினார்கள். மூன்றாவது சுற்றில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சரக்கு கேட்டில் வண்டியை நிறுத்தி, பின்கதவைத் தூக்கி, "இதுல ஆள் எங்க குந்துவான், நீங்களே காட்டுங்க" என்று சத்தம் போட்டேன். செக்யூரிட்டி பலராமன் அண்ணன் நிதானமான மனுஷர். காரைச் சுற்றி வந்து, உள்ளே குனிந்து பார்த்து, ரிஜிஸ்டரில் "கார், சீட் இல்லை, சரக்கு" என்று எழுதி உள்ளே விட்டார்.

கிரேட்டை இறக்கி, கையெழுத்து வாங்கியதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. முதல் லோடு! முதலாளி வீட்டுக் காரை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டுமே என்று சீட்டை நிமிர்த்தி, திண்டைச் செருகி, பெல்ட்டை எடுத்துவிட்டு, பாட்டுப் பாடிக்கொண்டே கேட்டுக்கு வந்தேன். பலராமன் அண்ணன் கை காட்டி நிறுத்தினார். பின்னால் எட்டிப் பார்த்தார். ரிஜிஸ்டரைப் பார்த்தார். மறுபடி பின்னால் பார்த்தார். கம்பெனியிலிருந்து ஒரு நட்டு வெளியே போனாலும் கேட் பாஸ் என்று ஒரு துண்டுக் காகிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிப் போகவேண்டும், தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்களுக்கு அது தெரியும். அவர் முகம் மாறிப்போனது. கீழே இறங்கச் சொன்னார்.

"உள்ள போ சொல்ல சீட்டு இல்ல, நானே எழுதிக்கீறேன். இப்ப ரெண்டாள் குந்தற சீட்டு எடுத்துக்கினு போற. கேட் பாஸ் எங்கம்மா?"

மாவு மில்

திங்கள் முதல் சனி வரை கார் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை முதலாளி வீட்டம்மாவுக்கு. கலாவதி அம்மா அதிகம் பேசமாட்டார். ஆனால் கார் அவர் பெயரில்தான் இருந்தது, அவர் நகையை வைத்து வாங்கியது என்று கம்பெனியில் எல்லாருக்கும் தெரியும். ஆனி மாதம் திருத்தணியில் அவர்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம். சனிக்கிழமை சாயங்காலம் சீட்டை நிமிர்த்திவைத்துவிட்டு நான் வீட்டுக்குப் போய்விட்டேன். ரப்பர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நாங்கள் வெள்ளைப் பவுடர் தூவுவோம். அது இடுக்கு வழியாக இறங்கி, சாய்கிற பக்கத்திலும் படிந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. போதாததற்கு இரண்டு பெல்ட்டும் சீட்டுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை காலையில் கலாவதி அம்மா கம்பெனிக்கே வந்துவிட்டார். கையில் ஒரு பை, பைக்குள் அரக்குப் பட்டுப்புடவை. முதுகுப்புறம் முழுக்க வெள்ளை. முதலாளியைப் பார்த்து, "குட்டி யானை வாங்கறேன்னு சொன்னீங்களே, எப்ப வாங்கறீங்க?" என்று மட்டும் கேட்டார். நான் ஓடிப்போய், "அம்மா, இன்னொரு வாட்டி ஆவாதும்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கே வீட்டிலிருந்து கெட்டியான போர்வை இரண்டு கொண்டுவந்து, மடக்கிய சீட்டின்மேல் விரித்தேன். சனிக்கிழமைதோறும் ஒரு மணி நேரம் ஈரத்துணியால் துடைத்தேன், இடுக்கில் பல் தேய்க்கிற பிரஷ் விட்டுத் தேய்த்தேன், பெல்ட்டை வெளியே எடுத்து மாட்டிப் பார்த்தேன். எங்கள் வீட்டு டிவியைக்கூட நான் அப்படித் துடைத்ததில்லை. மூன்றாவது வாரம் கலாவதி அம்மா வந்து, சீட்டில் ஒற்றை விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார்.

"கல்யாணத்துல என் நாத்தனாரு, மாவு மில்லுலேந்து நேரா வர்றீங்களா அண்ணின்னு கேட்டா. பரவால்ல, மில்ல மூடிட்டாங்க போலக்கீது."

புதுவாயலில் பெட்ரூம்

திரும்பி வரும்போது காலி வண்டி. புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு நாஷ்டா கடை, அங்கே இரண்டு இட்லி ஒரு வடை சாப்பிட்டுத்தான் கிளம்புவேன். ஒருநாள் வெயில் தாங்கவில்லை. கடைக்குப் பின்னால் வேப்பமர நிழலில் காரை நிறுத்தி, பின்கதவைத் தூக்கிவிட்டு, மடக்கிய சீட்டின்மேல் போர்வையில் படுத்தேன். கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்று வந்தது. பத்து நிமிஷம் என்று படுத்தவள் அரைமணி நேரம் தூங்கிப்போனேன். சொல்கிறேன், ஐந்து நட்சத்திர ஓட்டலில் படுத்தவர்களுக்குக்கூட அந்தத் தூக்கம் வந்திருக்காது. கண் விழித்தால் என் காலுக்குப் பக்கத்தில் கடைக்கார நாயுடு டீ கிளாஸோடு நிற்கிறார்.

"ஊட்ல எடம் பத்தலன்னா சொல்லும்மா, பெட்ரூம இப்டி தள்ளிக்கினா வர்றது?"

ரப்பருக்கு ஏசி

ஆடி பிறந்தால் பெரியபாளையத்து ரோட்டில் வண்டி ஓட்டுவது தனி அனுபவம். வேப்பிலையும் மஞ்சள் புடவையுமாக ஜனம் நடந்தும், ட்ராக்டரிலும், ஷேர் ஆட்டோவில் தொங்கியும் அம்மனைப் பார்க்கப் போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள்தான். ஆனாலும் அந்தக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும், ஹாரன் அடிக்க மனசு வராது. அன்றைக்கு லோடு பாதிதான். கிரேட்டை முன்சீட்டோடு நெருக்கி அடுக்காமல், இறக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று டிக்கி ஓரமாகவே வைத்திருந்தேன். அது தப்பு என்று வெங்கல் தாண்டியதும் தெரிந்தது. தலையில் பொங்கல் பானையோடு ஒரு அம்மா திடீரென்று ரோட்டைக் கடந்தார். பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது, கிரேட் நிற்கவில்லை. படபடவென்று சறுக்கி வந்து ஒரு கிரேட், முன்சீட் இரண்டுக்கும் நடுவே மூக்கை நீட்டி என் முழங்கையில் இடித்தது. நல்லவேளை, பீடிங் கீழே கொட்டவில்லை. கொட்டியிருந்தால் அந்த லோடு அங்கேயே நின்றிருக்கும், நான் மேஜைக்குப் போயிருப்பேன்.

இறங்கி கிரேட்டை எல்லாம் முன்னால் தள்ளி அடுக்கினேன். பானைக்கார அம்மாவும் கூட வந்த நான்கு பேரும் காரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு என்மேல் கோபமில்லை. இவ்வளவு பெரிய காரில் ஒரு ஆள்தானே, ஏற்றிக்கொண்டு போ என்றார்கள். பின்னால் சீட் இல்லை என்று காட்டினேன். அந்த அம்மாவை மட்டும் பானையோடு முன்சீட்டில் உட்காரவைத்துக் கோயில் வளைவு வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் அவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது பானையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"நாலு பேரு வெயில்ல நடந்து வர்றாங்க, நீ ரப்பருக்கு ஏசி போட்டு கூட்டிக்கினு போற. ஆத்தா பாத்துக்கினுதான் கீறா தாயி!"

வாயை அளக்காத அளவு

ஆடி கடைசி வெள்ளி. அந்த ஒரு நாள் தாண்டினால் நான் ஜெயித்தேன். காலை ஒன்பதரைக்கு கும்மிடிப்பூண்டியிலிருந்து போன். கிரேட்டில் படுக்கவைத்து அனுப்புகிற பீடிங் மடிந்துபோகிறதாம், இனிமேல் இரும்பு ரேக்கில் தொங்கவிட்டுத்தான் அனுப்பவேண்டும், ரேக்கை நேற்றே அனுப்பிவிட்டார்களாம், அங்கே இருக்கிற சரக்கு ஒன்றரை மணிக்குத் தீர்ந்துவிடுமாம். நான் பதறவில்லை. முதல் நாள் சாயங்காலம் ரேக் வந்து இறங்கியதுமே இஞ்ச் டேப்பை எடுத்து, காருக்குள் புகுந்து, நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து வைத்திருந்தேன். ரேக் உள்ளே கனகச்சிதமாக நிற்கும், மேலே இரண்டு விரல் இடம்கூட மிச்சம். முதலாளியிடம் பெருமையாகச் சொல்லியும் ஆயிற்று.

ரேக்கைத் தூக்கிக்கொண்டு முனுசாமி அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் வந்தார்கள். டங் என்று மேல்கம்பி இடித்தது. உள்ளே எல்லாம் அளந்தவள், உள்ளே போகிற வாயை அளக்கவில்லை! கூரை உயரமாக இருந்தது, கதவின் வாய் நாலு விரல் குட்டை. முதலாளி மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். "சாச்சுக்கோங்கண்ணே, சாச்சுக்கோங்க!" என்று கத்தினேன். ரேக்கை மல்லாக்கச் சாய்த்து, வழுக்கவிட்டு உள்ளே தள்ளி, நான் உள்ளே மண்டிபோட்டு உட்கார்ந்து அதை நிமிர்த்தினேன். நின்றது! அப்புறம் பக்கத்துக் கதவு வழியாகவும் பின்கதவு வழியாகவும் ஆளாளுக்குப் பீடிங்கைக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டோம். இருபத்தைந்து நிமிஷத்தில் ரேக் நிரம்பியது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் ஸ்டீயரிங்கில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டும்போது முனுசாமி அண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏத்திட்ட, சர்தான். ரொப்பினத எப்டி எறக்குவ, அத்த யோசிச்சியா?"

ஒடி, ஒடி

யோசிக்கவில்லை. பெரியபாளையத்தில் கூட்டத்துக்குள் ஊர்ந்துகொண்டு போகும்போதுதான் யோசித்தேன், யோசிக்க யோசிக்க வேர்த்தது. ரேக் வெளியே வரவேண்டுமென்றால் சாய்க்கவேண்டும். சாய்த்தால் தொங்குகிற பீடிங் எல்லாம் மடியும். கழற்றித் தரையில் வைக்கலாமென்றால், தரையில் பட்ட பீடிங்கை அங்கே எடுக்கமாட்டார்கள், அது கம்பெனி விதி. கும்மிடிப்பூண்டி போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று பதினைந்து. சரக்கு இறக்குகிற இடத்துக்கு இன்சார்ஜ் பாபு சார், ஆந்திர எல்லைக்காரர், தெலுங்கு கலந்து பேசுவார். பின்கதவைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ரேக்கைப் பார்த்தார், வாயைப் பார்த்தார், லைன் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"எஞ்சின ஆஃப் பண்ணு. ஷெட்டுக்குள்ள எஞ்சின் ஓடக்கூடாது, தள்ளக்கூடாதுன்னு எங்கியும் எழுதல. நைனா, எல்லாரும் வாங்க!" என்று கூப்பிட்டார். எங்கிருந்தோ ஏழெட்டுப் பேர் ஓடிவந்தார்கள். கேட்டை இன்னொருவரிடம் விட்டுவிட்டுப் பலராமன் அண்ணனும் வந்தார். நான் நியூட்ரலில் போட்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டேன். முன்னாலிருந்து பானெட்டில் கைவைத்துத் தள்ள, கார் பின்பக்கமாக ஷெட்டுக்குள் போனது. கண்ணாடியில் பார்த்தால் ரப்பர் தவிர ஒன்றும் தெரியவில்லை. "ஒடி, ஒடி, லெஃப்ட்ல ஒடி, நேரா வா, வா, வா!" என்று பாபு சார் பின்னால் நடந்துகொண்டே கத்தினார். இரண்டு பக்கமும் மெஷின், நடுவில் மஞ்சள் கோடு, அதன்மேல் முதலாளி வீட்டுக் கார். லைனில் நின்ற பெண்கள் ஓவென்று கூச்சல் போட்டார்கள். கைதட்டல் வேறு. அந்த நிமிஷத்தில் எனக்குப் பயம் போய், சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

லைன் ஓரத்தில் கார் நின்றபோது அவர்களிடம் கடைசி நாலு பீடிங்தான் பாக்கி. மடக்கிய சீட்டின்மேல் நின்ற ரேக்கிலிருந்தே பெண்கள் நேராக எடுத்துக் கதவில் பொருத்த ஆரம்பித்தார்கள். லைன் நின்றால் சிவப்பாகிற மேல்விளக்கு பச்சையாகவே இருந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வரிசையின் சூப்பர்வைசர், கையுறை போட்ட ஒரு அக்கா, பீடிங் எடுக்க வந்தவர் காரின் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கதவுக்கு ரப்பர் கேட்டா, கதவோட காரையே கொண்ணாந்துட்டியேம்மா!"

தகரம்

லோடு நிற்கவில்லை. லைன் நிற்கவில்லை. ஆடியும் முடிந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கும்மிடிப்பூண்டியிலிருந்து சொல்லிவிட்டார்களாம்: உதவிக்கு நன்றி, இனிமேல் ரேக்கை இறக்கமுடிகிற வண்டியில் மட்டும் அனுப்பவும், காரை ஷெட்டுக்குள் விடமுடியாது. தினமும் மூன்று ரேக் வேண்டுமாம். "உன்மேல தப்பு இல்ல எஸ்தரு. காருல மூணு ரேக்கு ஏறாதே" என்றார் தணிகாசலம் சார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, அதற்காக அவரை வெறுக்கவும் முடியவில்லை. நான் போர்வையை எடுத்து உதறி மடித்து, சீட்டை நிமிர்த்தி, பெல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, மேஜைக்குப் போனேன். கத்தரி வழக்கமான இடத்திலேயே கிடந்தது. அன்று வெட்டிய பிசிறில் பாதி கோணல்.

திங்கட்கிழமை குட்டி யானை வந்துவிட்டது. மாலை, சந்தனம், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், எல்லாம் ஆயிற்று. வேலை கேட்டு இரண்டு டிரைவர்கள் வாசலில் நின்றார்கள். அவர்களை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் காரை எடுத்துப்போக வந்திருந்தார் கலாவதி அம்மா. அவர் காரை ஒரு முழுச் சுற்று சுற்றி வந்தார். ஒவ்வொரு கதவாகக் குனிந்து பார்த்தார், பம்பரைத் தடவினார், பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பார்த்துவிட்டு இறங்கினார். ஏதோ கறை கண்டுபிடித்துவிட்டார், இன்னும் என்ன கேட்கப்போகிறாரோ என்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அந்த இரண்டு டிரைவர்களையும் பார்த்தார், மேஜையில் என்னையும் பார்த்தார், அப்புறம் கம்பெனி மொத்தமும் கேட்கும்படி முதலாளியைக் கூப்பிட்டு, குட்டி யானையைக் காட்டினார்.

"மூணு மாசம் எங்காரையே அவகிட்ட நம்பிக் குடுத்தீங்க, ஒரு கீறல் கீதா பாருங்க. இந்தத் தகரத்த குடுக்க மட்டும் இன்னா யோசனை?"

பின்சீட்டை மடக்கி மடக்கியே பேர் வாங்கினவளுக்குப் பின்சீட்டே இல்லாத வண்டியைக் கொடுப்பதற்குத்தான் எங்கள் காக்களூரில் பதவி உயர்வு என்று பெயர்.